தண்ணியில போட்டாலும் சாகாத பென் டிரைவ்: ரூ.1,400 கொடுக்கலாமா?

ஒரு ஆடிட்டர் பென் டிரைவ் ரிவ்யூ பண்றாரேன்னு நினைக்காதீங்க. மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக்கடன்னு நிறைய பேசியாச்சு. ஆனா இதுக்கெல்லாம் ஆதாரமான காகிதம் உங்க வீட்டில் எங்கே இருக்குன்னு நான் கேட்டதே இல்லை. இன்னைக்கு கேட்கிறேன்.

முதல்ல ஒரு கதை. என் சித்தப்பா வீடு முடிச்சூர் பக்கம். 2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு கரை புரண்டப்ப, கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணி. ஸ்டீல் பீரோவோட அடித்தட்டில்தான் எல்லா ஃபைலும் இருந்தது. தண்ணி வடிஞ்சதும் மொட்டை மாடியில் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு காகிதங்களைக் காய வெச்சோம். பத்திரம் எப்படியோ தப்பிச்சுது. 2005-06ல் மாடி கட்டின பில்கள் மட்டும் கூழாகிப் போச்சு. அப்ப யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கல. உயிர் தப்பினதே பெரிசு.

2019-20ல் சித்தப்பா அந்த வீட்டை வித்தார். மூலதன ஆதாய வரி கணக்கு போட என்கிட்ட வந்தார். மாடிக்கு ஆன செலவு ரூ.4 லட்சம். அப்போ இருந்த விலைவாசிக் குறியீட்டு முறைப்படி 2005-06க்கு 117, 2019-20க்கு 289. அந்த 4 லட்சம் கணக்கில் ரூ.9,88,034 ஆகியிருக்கும். அதுக்கு 20 சதவீத வரி, 4 சதவீத செஸ் சேர்த்தா ரூ.2,05,511. பில் இருந்திருந்தா இவ்வளவு வரி குறைஞ்சிருக்கும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கிட்ட அறிக்கை வாங்கி முயற்சி பண்ணலாம்னு சொன்னேன். "பில் இல்லாததைக் காட்டி நாளைக்கு நோட்டீஸ் வந்தா யாருப்பா அலையறது"ன்னு அவர் விட்டுட்டார். கூழான ஒரு கட்டு காகிதத்தோட விலை ரெண்டு லட்சம்.

(2024 ஜூலை 23க்குப் பிறகு சொத்து விற்பனைக்கான கணக்கு மாறிடுச்சு. ஆனா செலவைக் காட்ட பில் வேணும்ங்கிறது மாறல.)

அதனாலதான் இந்தப் பென் டிரைவ். சாதாரணமானது, "தண்ணி புகாது, கீழே விழுந்தாலும் உடையாது"ன்னு விக்கிறது, ரெண்டும் 64 ஜிபியில் வாங்கினேன். முதலாவது ரூ.450, ரெண்டாவது ரூ.1,400. ரெண்டும் என் காசு. எந்த கம்பெனியும் இலவசமா அனுப்பல. அதனால பிராண்ட் பேரும் சொல்லப் போறதில்லை. எதைப் பார்த்து வாங்கணும்னு மட்டும் சொல்றேன்.

அட்டையில் போட்டிருக்கிறதை எப்படிப் படிக்கணும்?

இன்சூரன்ஸ் பாலிசி படிக்கிற மாதிரி படிங்க. எது கவர் ஆகுது, எது ஆகாது?

"வாட்டர் ரெசிஸ்டன்ட்"ன்னு வெறுமனே போட்டிருந்தா அதுக்கு அளவே கிடையாது. ஐபி67 மாதிரி ஒரு எண் இருந்தா அர்த்தம் இருக்கு. முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது எண் தண்ணிக்கு. ரெண்டாவது எண் 7 என்றால் 1 மீட்டர் ஆழம் வரை 30 நிமிஷம் தாங்கணும். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. ஆழமும் நேரமும் எவ்வளவுன்னு தயாரிப்பாளர்தான் சொல்லணும். சில கம்பெனிகள் இந்த எண்ணை விட்டுட்டு நேரா ஆழத்தைச் சொல்லும். கோர்சேர் கம்பெனியின் சர்வைவர் வகை 200 மீட்டர் ஆழம்னு விளம்பரம் செய்தது. விமான வகை அலுமினியக் குழாய், உள்ளே ரப்பர் சீல். நம்ம வெள்ளத்துக்கு 200 மீட்டர் தேவையில்லை. சேத்துத் தண்ணியில் ரெண்டு நாள் கிடந்தா போதும்.

கட்டமைப்பு ரெண்டு விதம். ஒண்ணு, மூடியை இறுக்கித் திருகி, ரப்பர் வளையத்தால் அடைக்கிறது. இதில் மூடி சரியா திருகலைன்னா 1,400 ரூபாயும் தண்ணியில போன மாதிரிதான். இன்னொண்ணு, நகம் அளவு உலோகத் துண்டு. உள்ளே எல்லா சிப்பும் ஒரே கட்டியா வார்த்திருக்கும், தண்ணி புக இடமே இல்லை. ஆனா இந்த வகை செத்துப்போனா உள்ளே இருக்கிற தகவலை மீட்கிறது கஷ்டம், செலவும் அதிகம்.

அடுத்து வாரன்டி. "5 வருஷ வாரன்டி"ன்னு பார்த்ததும் சந்தோஷப்படாதீங்க. கெட்டுப்போனா புது பென் டிரைவ் தருவாங்க. உள்ளே இருந்த உங்க பாரம் 16, வாடகை ரசீதுக்கெல்லாம் அவங்க பொறுப்பில்லை.

நான் செஞ்சு பார்த்தது

ஒரு பக்கெட் தண்ணியில் ஒரு கை உப்பு, ஒரு கை மண். ரெண்டையும் ஒரு நாள் முழுக்கப் போட்டேன். எடுத்து நல்ல தண்ணியில் கழுவி, ரெண்டு நாள் நிழல்ல காய வெச்சு சொருகினேன். ரெண்டுமே வேலை செஞ்சுது! உண்மையைச் சொல்றேன், 450 ரூபாய் டிரைவும் ஓடினது எனக்கே ஆச்சரியம். காரணம் எளிமையானது. மின்சாரம் இல்லாதப்ப தண்ணி மட்டும் சிப்பை உடனே கொல்லாது. ஈரத்தோட சொருகினாதான் ஷார்ட் ஆகும். ஆனா மூணு வாரம் கழிச்சுப் பார்த்தப்ப சாதாரண டிரைவோட முனையில் பச்சை பிடிச்சிருந்தது. ஒரு தடவை கண்டுக்குது, ஒரு தடவை கண்டுக்கல. விலை அதிகமானது சுத்தமா இருந்தது.

அடுத்து, ரெண்டாவது மாடி பால்கனியிலிருந்து சிமென்ட் தரையில் போட்டேன். சாதாரணத்தோட பிளாஸ்டிக் பிளந்து, முனை வளைஞ்சுது. அதோட கதை முடிஞ்சுது. இன்னொண்ணுக்கு ஒரு சின்ன நசுங்கல் மட்டும்தான்.

வேகத்தில் ஏமாந்தேன். அட்டையில் போட்டிருந்த பெரிய எண் படிக்கிற வேகம். எழுதுற வேகத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. 10 ஜிபி காப்பி பண்ண சுமார் 7 நிமிஷம் ஆச்சு. நமக்கு இது பிரச்சினை இல்லை, பிடிஎஃப் போடத்தானே போறோம்.

64 ஜிபி வாங்கினா கம்ப்யூட்டரில் 59.6ன்னு காட்டும். இது ஏமாத்து வேலை இல்லை. கம்பெனி ஆயிரத்தால பெருக்குது, விண்டோஸ் 1,024 ஆல வகுக்குது. ஆனா ஆன்லைனில் 500 ரூபாய்க்கு "2 டிபி" பென் டிரைவ் பார்த்தா தொடாதீங்க. கம்ப்யூட்டரில் 2 டிபின்னே காட்டும், எழுத ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்தில் பழைய ஃபைல் மேலயே புதுசை எழுதும். எந்த டிரைவ் வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி இலவச மென்பொருளால் ஒரு முறை முழுக்க நிரப்பி சோதிச்சுப் பாருங்க, ரிட்டர்ன் தேதிக்குள்ள.

கணக்குப் போடுவோம்

ரூ.1,400ஐ 5 வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு ரூ.280. மாசத்துக்கு ரூ.23 சொச்சம், ரெண்டு டீ. சித்தப்பா இழந்த ரெண்டு லட்சத்தோட ஒப்பிட்டா கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா கதையோட ரெண்டாம் பாகம் இருக்கு.

2015 வெள்ளத்துக்கு அப்புறம் சித்தப்பா பையன் இதே மாதிரி கெட்டியான பென் டிரைவ் ஒண்ணு வாங்கினான். மிச்சமிருந்த எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட்டான். பீரோ சாவியோட வளையத்தில் மாட்டி வெச்சான். வீட்டை வித்த பிறகு வேளச்சேரி பக்கம் கீழ்த்தள வாடகை வீட்டுக்குப் போனாங்க. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மறுபடியும் வீட்டுக்குள் தண்ணி. அந்தப் பென் டிரைவ் ரெண்டு நாள் சேத்துக்குள்ள கிடந்தது. கழுவி, காய வெச்சு, லேப்டாப்பில் சொருகினான். பளிச்சுனு திறந்தது.

உள்ளே கடைசி ஃபைலோட தேதி 2019 மார்ச்.

அவன் 2020ல் புக் பண்ணின ஃபிளாட்டுக்கு பில்டர்கிட்ட கட்டின பண ரசீதுகள் எல்லாம் காகிதமா மட்டுமே இருந்தது. எல்லாம் போச்சு. டூப்ளிகேட் வாங்க நாலு மாசம் சனிக்கிழமை தோறும் அலைஞ்சான். "டிரைவ் தப்பிச்சுது அண்ணா, நான்தான் மூழ்கிட்டேன்"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அன்னைக்கு ராத்திரி என் டிரைவை எடுத்துப் பார்த்தேன். நான் பதினாலு மாசம் பின்தங்கியிருந்தேன். ஊருக்கே கணக்கு பார்க்கிறவன்!

அப்போ எது கவர் ஆகாது?

கெட்டியான டிரைவ் காப்பாத்துறது தண்ணி, அடி, தூசி இந்த மூணிலிருந்துதான். கீழே இருக்கிறதுக்கெல்லாம் அதுகிட்ட பதில் இல்லை.

1. தொலைஞ்சு போறது. சின்னது, பஸ்ஸில் விழுந்தாத் தெரியாது.

2. திருடு. எடுக்கிறவனுக்கும் அது தண்ணி புகாத டிரைவ்தான். பான், ஆதார், சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் நாலும் ஒரே இடத்தில் கிடைச்சா, உங்க பேரில் கடன் ஆப்பில் விண்ணப்பிக்க வேற என்ன வேணும்? பூட்டுப் போடாம வெக்காதீங்க. விண்டோஸ் புரோ இருந்தா பிட்லாக்கர். ஹோம் பதிப்பா இருந்தா இலவசமான 7-ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டு ஒரே கட்டா வையுங்க. ஆதாருக்கு கடைசி 4 எண் மட்டும் தெரியிற மாஸ்க்டு ஆதார் போதும். பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருத்தருக்கும் சொல்லி வையுங்க. நமக்கு ஒண்ணு ஆனா அவங்களுக்குத்தானே தேவைப்படும்?

3. வைரஸ். ஜெராக்ஸ் கடையில் சொருகினா என்ன ஒட்டிக்கிட்டு வரும்னு உங்களுக்கே தெரியும். பிரின்ட் எடுக்க வேற பழைய டிரைவ் வெச்சுக்கோங்க. இது வீட்டை விட்டு வெளியே போகவே கூடாது.

4. வயசு. பென் டிரைவ் கல்வெட்டு இல்லை. சும்மா கிடந்தாலும் வருஷக்கணக்கில் உள்ளே இருக்கிற மின்னூட்டம் மெல்லக் கசியும். வருஷத்துக்கு ஒரு முறை சொருகி, ஃபைல் திறக்குதான்னு பாருங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை புது டிரைவுக்கு மாத்துங்க.

5. சட்டம். ஸ்கேன் காப்பி ஒரிஜினல் ஆகாது. கிரயப் பத்திரத்தோட ஒரிஜினல் உயரமான இடத்திலோ பேங்க் லாக்கரிலோ இருக்கணும். டிஜிலாக்கரில் அரசு நேரா வழங்குற ஆவணங்களுக்கு மட்டும், 2016 விதிகளின்படி, ஒரிஜினலுக்குச் சமமான மதிப்பு உண்டு. நீங்களே ஸ்கேன் பண்ணி அதில் ஏத்தினதுக்கு அந்த மதிப்பு கிடையாது.

என் தீர்ப்பு

கீழ்த்தளத்தில், தண்ணி தேங்குற ஏரியாவில் இருக்கீங்களா? சைட், ஃபீல்டுன்னு அலையற வேலையா? ரூ.1,400 கொடுங்க, தப்பில்லை. நாலாவது மாடியில் இருந்துக்கிட்டு ஆபீஸ், வீடுன்னு போறவங்களுக்கு அதே காசில் வேற வேற பிராண்டில் ரெண்டு சாதாரண டிரைவ் வாங்கி, ஒண்ணை ஊரில் அப்பா அம்மாகிட்ட கொடுத்து வெக்கிறது மேல். ஒரே ஷேரில் மொத்தக் காசையும் போடாதீங்கன்னு எப்பவும் சொல்வேன் இல்லையா, அதே கதைதான். மூணு காப்பி, ரெண்டு வித இடம், அதில் ஒண்ணு வேற ஊரில். மூணாவது காப்பிக்கு கூகுள் இலவசமா தர்ற 15 ஜிபியே போதும், அதுவும் பாஸ்வேர்டு போட்ட கட்டா.

பெரிய சைஸும் வேண்டாம். ஸ்கேன் பண்ணின ஒரு பக்கம் 1 எம்பின்னு வெச்சாலும் ஆயிரம் பக்கம் 1 ஜிபிதான். ஆவணத்துக்கு 32 ஜிபியே தாராளம். 256 வாங்கினா அதில் சினிமாதான் போகும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம்

- பாரம் 16, ஏஐஎஸ், 26ஏஎஸ், தாக்கல் செய்த ரிட்டர்ன், அதோட ஒப்புகை: வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர்.
- வாடகை ஒப்பந்தம், ரசீது, இன்சூரன்ஸ் பாலிசி, பிஎஃப் பாஸ்புக், பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர்.
- வீடு, மனை, நகை வாங்கின பில், வீட்டில் செஞ்ச பெரிய வேலைகளுக்கான பில், பணம் கட்டின ஆதாரம்.

எத்தனை வருஷம் வெக்கணும்? 2024 செப்டம்பர் 1 முதல் வந்த விதிப்படி, விடுபட்ட வருமானம் 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு 5 வருஷம் 3 மாசம் வரை மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வரலாம்; மத்தவங்களுக்கு 3 வருஷம் 3 மாசம். நான் என் கிளையன்ட்கிட்ட பொதுவா 8 வருஷம்னு சொல்வேன். சொத்து சம்பந்தப்பட்டதுக்கு அந்தக் கணக்கே கிடையாது. விக்கிற வரைக்கும் வெக்கணும், வித்த பிறகுதான் 8 வருஷம் எண்ண ஆரம்பிக்கணும்.

கடைசியா ஒண்ணு. போன் காலண்டரில் ரெண்டு தேதி போடுங்க: ஜூலை 31, அக்டோபர் 1. முதலாவது பெரும்பாலான சம்பளக்காரங்களுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளா இருந்துவர்ற தேதி. ரெண்டாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி. ரெண்டு நாளும் டிரைவை சொருகி, புது ஃபைலைப் போடுங்க. பத்து நிமிஷ வேலை.

என் டிரைவ் இப்ப அப்டேட்டா இருக்கு. உங்களோடது?