கை அறிந்ததும் கணனி அறியாததும்

விளையாட்டு என்றதும் எங்கள் தலைமுறைக்குக் கிளித்தட்டும் பல்லாங்குழியும் நினைவுக்கு வரும்; இன்றைய பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசி நினைவுக்கு வரும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு காலம் இருந்தது. கணனியில் விளையாட விரும்பியவன் தன் விளையாட்டைத் தானே எழுதிக்கொண்ட காலம் அது. அந்தப் பழைய வீட்டுக் கணனிகளுக்கு இன்றும் விளையாட்டு எழுதுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். இதுவும் ஒருவகை எழுத்துத்தான் என்பதால் இலக்கிய நிகழ்ச்சிக்கு இதைக் கொண்டுவருகிறேன்.

1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளயரின் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்ற கணனியை வெளியிட்டது. ஒரு கொப்பியளவு பெட்டி. அதன்மேல் நாற்பது றப்பர் விசைகள். தனக்கென்று திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைக்கவேண்டும். எழுதியதைச் சேமிக்க, பாட்டுக் கேட்கும் அதே கசற் ரெக்கோடர். கீச்சென்ற இரைச்சலோடு நாடா ஓடி, ஒரு பெரிய விளையாட்டு உள்ளே போய்ச்சேர ஐந்து நிமிடமளவில் ஆகும். 48 கிலோபைட் நினைவகம் உள்ள கணனியின் விலை 175 பவுண். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே இன்று அதனிலும் பல மடங்கு இடம் தேவை.

1986 இல் லண்டனிலிருந்து வந்த மாமா அப்படியொன்றை இணுவிலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்குப் பதின்மூன்று வயது. சுவிட்சைப் போட்டால் எந்த விளையாட்டும் வராது. வெறுந்திரை காத்திருக்கும். அதற்குப் புரிகிற ‘பேசிக்’ என்ற மொழியில் நாம்தான் எழுதவேண்டும். ‘பி’ என்ற விசையைத் தட்டினால் ‘பிரின்ற்’ என்ற முழுச்சொல்லும் வந்து விழும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. எண் வரிசைப்படி கணனி வாசித்துச் செயற்படும். 1, 2, 3 என்று எண்ணிடாமல் 10, 20, 30 என்று இடைவெளி விட்டே எண்ணிடுவது வழக்கம். பின்னால் ஏதாவது சேர்க்கவேண்டி வந்தால் இடம் வேண்டுமல்லவா?

அந்தக் கணனிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாமே வரைந்துகொள்ளும் 21 எழுத்துகளுக்கு அதில் இடமிருந்தது. எட்டுக்கு எட்டாகக் கட்டம் கீறி, நிரப்பவேண்டிய கட்டத்துக்கு 1, வெறுங்கட்டத்துக்கு 0 என்று எழுதிக் கொடுத்தால் அந்த வடிவம் திரையில் வரும். 247 எழுத்துக்கு 21 இடம் எம்மட்டு! வேண்டிய எழுத்துகளை மட்டும் வரைந்து ‘பல்லாங்குழி’ என்று தலைப்பு அமைத்தேன். ‘ப’ இலகுவாக வந்தது. ‘ழி’ பாடாய்ப் படுத்தியது. அந்தச் சொல் எங்கள் தொலைக்காட்சியில் தெரிந்த இரவு அம்மம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். “சொல் சரி, குழி எங்கே?” என்று கேட்டார்.

குழி வரைவதற்குள் 1990 ஜூன் வந்தது. மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டதை இதைக் கேட்கும் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். டைனமோவுக்கு வானொலி பாடும். தொலைக்காட்சியும் கணனியும் அசையா. ஆகவே ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், கொப்பியில் பென்சிலால் பல்லாங்குழியை எழுதத் தொடங்கினேன்.

கணனி இல்லாமல் செய்நிரலைச் சோதிப்பது எப்படி? கணனியின் வேலையை மனிதன் செய்யவேண்டும். எங்கள் வீட்டில் அந்த மனிதர் அம்மம்மா. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. எங்கள் வீட்டு முறைப்படி, ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போடவேண்டும். கை வெறுமையானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அது வெறுங்குழியானால் அதற்கு அப்பால் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விடவேண்டும். நான் கொப்பியைப் பார்த்து வரிவரியாகச் சொல்வேன். அவர் கொட்டையை நகர்த்துவார். 120ஆம் வரி, குழியின் எண்ணோடு ஒன்றைக் கூட்டு என்றது. அதை நான், “அடுத்த குழிக்குப் போங்கோ, அம்மம்மா” என்பேன். 130ஆம் வரி, அந்தக் குழியில் ஒரு கொட்டை போடு என்றது. போடுவார். எத்தனையோ இரவு ஆடிப்பார்த்தோம். ஒரு பிழையும் தென்படவில்லை.

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தது. செம்மணி வெளியால் சாவகச்சேரிப் பக்கம் போனோம். உடுப்புப் பையில் கொப்பி வந்தது, கணனி வரவில்லை. 1996 இல் திரும்பியபோது அது வீட்டில் இல்லை. அம்மம்மாவும் சில ஆண்டுகளில் காலமானார்.

இன்றைய கணனியை அந்தப் பழைய ஸ்பெக்ட்ரம் போலவே நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. 2024 இல் அதே தோற்றத்தில் ஒரு புதிய கருவியும் விற்பனைக்கு வந்தது. இவ்வளவு வேகமான கணனிகள் இருக்க, 48 கிலோபைட்டுக்குள் எழுதுவதில் என்ன சுகம் என்று கேட்பார்கள். முழு இயந்திரத்தையும் ஒரு மனிதன் தன் தலைக்குள் வைத்திருக்கலாம் என்பதே அந்தச் சுகம். வெண்பாவின் கட்டுக்குள் எழுதுகிறவருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

அண்மையில் ஒருநாள் அந்தக் கொப்பியைத் திறந்து, மங்கிய பென்சில் எழுத்தை அப்படியே தட்டி ஓடவிட்டேன். சில நொடிதான். 130ஆம் வரியில் பிழை என்று நின்றுவிட்டது. பதினைந்தாம் குழியில் கொட்டை போடச் சொல்கிறாய், அப்படியொரு குழி இல்லை என்பது அதன் முறைப்பாடு.

பதினான்குக்குப் பின் மீண்டும் முதலாம் குழி என்று நான் எங்குமே எழுதவில்லை! அம்மம்மாவின் கை கடைசிக் குழியில் தானாகவே திரும்பியது. நான் எழுதாமல் விட்டதை அவர் கை நிரப்பியது; அது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

இலக்கண நூலார் ‘குன்றக் கூறல்’ என்றொரு குற்றம் சொல்வார்கள். மனித வாசகர் அந்தக் குற்றத்தைத் தம் அனுபவத்தால் மன்னித்துவிடுகிறார். கணனி மன்னிக்காது. அதனால்தான், கைக்குத் தெரிந்து வாய்க்கு வராமலே இருப்பது எது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. கொக்கான் வெட்டவும் கிடுகு பின்னவும் எங்கள் மூத்தவர்களின் கைகளுக்குத் தெரிந்தவை இன்னும் எத்தனையோ எழுதப்படாமல் இருக்கின்றன. கை போனபின் கேட்க ஆளில்லை.

120க்கும் 130க்கும் நடுவில் அந்நாளில் விட்ட இடம் அப்படியே இருந்தது. 125 என்று எண்ணிட்டு ஒரு வரி சேர்த்தேன்: குழி பதினான்கைத் தாண்டினால் ஒன்றுக்குத் திரும்பு. ஆட்டம் ஓடியது. கொப்பியிலும் அதைப் பென்சிலால் எழுதிவைத்தேன். அந்த வரி மட்டும் அம்மம்மாவினுடையது.