பெஞ்சமின் – துயரத்தில் பிறந்த பெயர்

ஆங்கிலேயர் ஆண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்களில் என் மனதைத் தொட்டது பெஞ்சமின். இதன் மூலம் எபிரேய மொழி. வேதாகமத்தில், யாக்கோபின் மனைவி ராகேல் பயண வழியில் பிள்ளை பெற்று உயிர்விட்டாள். உயிர் பிரியும்போது மகனுக்குப் 'பெனொனி' என்று பெயரிட்டாள். 'என் துயரத்தின் மகன்' என்பது அதன் பொருள். தகப்பனோ அதைப் 'பென்யமீன்' என மாற்றினார். அதற்கு 'வலக்கரத்தின் மகன்' என்று பொருள். அதுவே ஆங்கிலத்தில் பெஞ்சமின் ஆனது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்திற்குப் பின் இங்கிலாந்தில் இப்பெயர் பரவியது. வீட்டில் 'பென்' என்று செல்லமாக அழைப்பார்கள்.

போரில் தகப்பனை இழந்தபின் பிறந்த பிள்ளையை, 'தகப்பனைத் தின்னி' என்று நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சகோதரிகளே, நம் துயரம் உண்மைதான். ஆனால் அதைப் பிள்ளையின் பெயராக்க வேண்டாம். அவர்கள் நமது வலக்கரங்கள்.