தற்காப்பின் ஆழத்தை அளப்பது எப்படி?

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரை நினைவுக்கு வரும். கனடாவிலும் அமெரிக்காவிலும் அச்சொல் பனிக்கட்டித் தளத்தில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஹாக்கியைக் குறிக்கும். அங்கு ஒரு குழுவை எடைபோடுவோர் அதன் 'தற்காப்பு ஆழம்' எவ்வளவு என்று கேட்பது வழக்கம். இந்த ஆழத்தை எண்களால் அளக்க முடியுமா என்று பார்ப்போம்.

ஓர் ஆட்டத்தின் நேரம் 60 நிமிடம். தளத்தில் பொதுவாக ஒரே சமயத்தில் இரண்டு தற்காப்பாளர்கள் நிற்பார்கள். ஆகவே பகிர்ந்துகொள்ள வேண்டிய சுமை 120 ஆள்-நிமிடம். வழக்கமாக ஆறு பேர் மூன்று இணைகளாக இதைச் சுமக்கின்றனர். சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 20 நிமிடம். நால்வரே சுமந்தால் 30 நிமிடம்.

இனி, காயத்தைக் கணக்கில் சேர்ப்போம். ஒரு தற்காப்பாளர் குறிப்பிட்ட நாளில் ஆடத் தகுதியுடன் இருப்பதற்கான நிகழ்தகவு 0.9 எனக் கொள்வோம். ஒருவர் காயம் மற்றவரைப் பாதிப்பதில்லை என்றும் கொள்வோம். குழுவில் ஆறு பேரே இருந்தால், அறுவரும் தகுதியுடன் இருக்கும் நிகழ்தகவு 0.9-இன் ஆறாம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 53 சதவீதம். ஒவ்வொருவரும் நம்பகமானவரே, ஆனால் குழுவோ பாதி நாட்களில்தான் முழுமையாக இருக்கும்! ஏழாவது ஆள் இருந்தால், குறைந்தது அறுவர் கிடைக்கும் நிகழ்தகவு 85 சதவீதமாக உயர்கிறது. எட்டாவது ஆளும் இருந்தால் 96 சதவீதம். பெரும்பாலும் வெளியில் அமர்ந்திருக்கும் இருவரின் மதிப்பு இதுவே.

2015-இல் கோப்பையை வென்ற சிகாகோ குழு, இடையில் ஒரு தற்காப்பாளரைக் காயத்தால் இழந்தது. நால்வரே பெருஞ்சுமையைத் தாங்கினர். டங்கன் கீத் 23 ஆட்டங்களில் 700 நிமிடத்துக்கு மேல் ஆடினார்; நாம் கண்ட 30 நிமிடக் கணக்கு இங்கே மெய்யாகிறது. 2017-இல் பிட்ஸ்பர்க் குழுவின் தலைசிறந்த தற்காப்பாளர் கிரிஸ் லெட்டாங், கழுத்து அறுவைச் சிகிச்சையால் கோப்பைச் சுற்றுகளில் ஒன்றில்கூட ஆடவில்லை. பலர் சுமையைப் பகிர்ந்துகொள்ள, அக்குழுவும் கோப்பையை வென்றது. ஆழம் குறைந்தாலும் வெல்லலாம் என்பது உண்மையே. ஆனால் சிகாகோவில் இன்னொருவர் விழுந்திருந்தால் தாங்குவதற்கு ஆள் ஏது?

ஆட்களை எண்ணினால் மட்டும் போதாது. அவர்களின் திறனையும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. மூன்றாம் இணை தளத்தில் இருக்கும்போது எதிரணி குறைவான கோல்களே போட்டிருக்கலாம். அதனால் அவர்கள் முதல் இணைக்கு நிகர் என்று முடிவு செய்யலாகாது. பயிற்சியாளர் அவர்களைப் பெரும்பாலும் எதிரணியின் வலிமை குறைந்த ஆட்டக்காரர்களுக்கு எதிராகவே இறக்குகிறார். 100 கிராம் எடையைத் தாங்கிய சுருள்வில் 5 கிலோகிராமையும் தாங்கும் என்று நாம் சொல்வதில்லை அல்லவா?

ஆகவே, சராசரித் திறனை மட்டும் பார்க்காமல் ஒரு சோதனை செய்ய வேண்டும். பட்டியலில் முதல் பெயரை அடித்துவிட்டு, எஞ்சியவர்களைக் கொண்டு 120 நிமிடத்தை மீண்டும் பங்கிட்டுப் பாருங்கள். பிறகு இரண்டாவது பெயரையும் அடியுங்கள். குழுவின் திறன் எவ்வளவு மெதுவாகச் சரிகிறதோ, அவ்வளவு ஆழம் அதற்கு உண்டு.

மாணவர்கள் 0.9-க்குப் பதிலாக 0.8 என்று வைத்துக் கணக்கிடலாம். ஆறு பேருக்கு 26, எட்டுப் பேருக்கு 80 சதவீதம் வரும். காயம் மிகுந்தால் மாற்று ஆட்களின் மதிப்பும் மிகுகிறது என்பது அப்போது விளங்கும்.