மண்ணுக்குள் ஒரு மைக்

மழை நனைக்காமலிருக்கப் போர்த்திய ஒரு கன்வாஸ் துணியால், நம் நாட்டின் ஒரு நிலநடுக்கப் பதிவை நாங்கள் தவறவிட்டோம். போர்த்தியவர் என் மாமா. போர்த்தச் சொன்னது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் மாமாவும் அத்தையும் கேமரன் மலையில், கியா பார்ம் சந்தைக்குப் பின்னால் ஏறும் சரிவில் குடியிருக்கிறார்கள். மாமா இளவயதில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இப்போது வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கீரை, கொஞ்சம் ஸ்ட்ராபெர்ரி. அவர்களின் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர்தான் தெரியும். பள்ளி விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரில் பெரணி பிடுங்கி விளையாடியிருக்கிறேன். பயமெல்லாம் வளர்ந்த பிறகுதான் வந்தது.

என் கல்லூரித் தோழி ஒருத்தி நில அதிர்வுத் துறையில் மேற்படிப்பு படிக்கிறாள். கையடக்கமான அதிர்வுமானி ஒன்றை மலைப்பகுதியில் சில வாரம் வைத்துச் சோதிக்க வேண்டும், யாராவது இடம் கொடுப்பார்களா என்று கேட்டாள். நான்தான் மாமாவின் கொல்லையைக் காட்டிக் கொடுத்தேன். 2025 ஜூலை 26, சனிக்கிழமை. சந்தை நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்துதான் போய்ச் சேர்ந்தோம்.

கருவியைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. படத்தில் பார்ப்பதுபோல் உருளும் காகிதமும் கிறுக்கும் முள்ளும் எங்கே? உள்ளே இருந்தது கட்டைவிரல் பருமனில் ஒரு உலோக உருளை. உறையோடு ஒட்டிய காந்தம், அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச்சுருள். தரை அசைந்தால் உறையும் காந்தமும் அதோடு அசையும். தொங்கும் சுருள் சோம்பேறிபோல் பின்தங்கும். அந்த இடைவெளியில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். கேட்டுக்கொண்டே வந்தவள் “இது என் மைக் ஆச்சே!” என்று கத்திவிட்டேன். நான் தினமும் வாயருகே வைத்துப் பேசும் டைனமிக் மைக்கிலும் இதே காந்தம், இதே சுருள்தான். என் குரல் சுருளை அசைக்கிறது. இங்கே மண் காந்தத்தை அசைக்கிறது.

அதற்குப் பிறகு அவள் செய்த ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. வெளிப்புற ஒலிப்பதிவுக்குப் போனால் நாங்கள் படும் பாடுதான் அவளுக்கும். காற்று, வண்டி, ஜெனரேட்டர், யாரோ எங்கோ இழுக்கும் நாற்காலி. மரத்தடி நிழலாக இருக்கிறதே என்று நான் காட்டிய இடத்தை உடனே தள்ளிவிட்டாள். காற்றில் மரம் ஆடினால் வேரும் ஆடும், வேர் ஆடினால் மண்ணும் ஆடும். பிளாஸ்டிக் கூடாரத் தூண் அருகேயும் வேண்டாம், தண்ணீர்ப் பம்பு அருகேயும் வேண்டாம். கடைசியில் கிடைத்தது கோழிக்கூண்டு இருந்து காலியான ஒரு மூலை.

முழங்கால் அளவுக்குக் குழி தோண்டினோம். அடியில் தளர்ந்த மண்ணை வழித்தெடுத்து, சிமெண்டு கலவை போட்டு ஒரு தரை ஓட்டைப் பதித்தாள். அது இறுகும்வரை அத்தை கொடுத்த தேநீர். பிறகு கருவியை வைத்து, நீர்க்குமிழி நடுவில் நிற்கும்வரை மூன்று கால்களையும் திருகித் திருகிச் சமன் செய்தாள். வடக்குத் திசையைப் பார்க்கத் திசைகாட்டியை எடுத்தவள், மண்வெட்டியைத் தூரக் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் பொய் சொல்லுமாம். மேலும் கீழும், வடக்கும் தெற்கும், கிழக்கும் மேற்கும் என மூன்று அசைவுகளையும் தனித்தனியாகப் பதிவதால், திசை பிசகினால் எல்லாமே பிசகு.

கேபிளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எலி கடிக்காமலிருக்கக் குழாய்க்குள் விட்டு, மழைநீர் கம்பி வழியே பெட்டிக்குள் இறங்காதபடி வாசலில் ஒரு தொங்கல் விட்டு, மண்ணில் புதைத்தாள். பதிவுப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள், 12 வோல்ட் பேட்டரி. வெளியே கம்பத்தில் சூரியத் தகடு. உச்சியில் ஜிபிஎஸ் ஆன்டெனா. இது இடம் காட்டுவதற்காக அல்ல, மணி பார்ப்பதற்காக. வானொலியில் மணி அடித்துச் செய்திக்குப் போகிறோமே, அதுபோல் இந்தப் பெட்டியும் செயற்கைக்கோளிடம் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். நேரம் ஒரு விநாடி தப்பினால் நிலநடுக்கம் நடந்த இடம் வரைபடத்தில் பல கிலோமீட்டர் நகர்ந்துவிடும்.

“அங்கிள், பக்கத்துல நின்னு ஒருக்கா குதிங்க,” என்றாள் தோழி. அறுபத்தைந்து வயது மாமா வெட்கப்பட்டுக்கொண்டே குதித்தார். மடிக்கணினித் திரையில் கோடு துள்ளியது. அத்தையும் குதித்தார். “எனக்குத்தான் பெருசா வந்துச்சு,” என்று மாமாவுக்கு ஒரே பெருமை. இது விளையாட்டல்ல, முறையான சோதனைதான். 1969-ல் ஆல்ட்ரின் நிலாவில் வைத்த அதிர்வுமானியும் முதலில் பிடித்தவற்றில் விண்வெளி வீரர்களின் காலடி அதிர்வும் உண்டு.

நம் தீபகற்பத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சுமத்ராவில் ஆடினால் நம் அடுக்குமாடியில் விளக்கு ஆடும், அவ்வளவுதானே என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இதே பகாங்கில், புக்கிட் திங்கியில் 2007 நவம்பர் 30-ம் தேதி நிலம் தானாகவே ஆடியது. 2009 வரை சிறுசிறு அதிர்வுகள் விட்டுவிட்டு வந்தன. சபாவில் 2015 ஜூன் 5-ல் ரானாவ் நிலநடுக்கம் கினபாலு மலையில் 18 உயிர்களை எடுத்துக்கொண்டது.

ஈப்போ, கூலிம் போன்ற இடங்களில் நிரந்தர நிலையங்கள் இருக்கின்றன. மலேசிய வானிலை ஆய்வுத் துறை அவற்றைக் கவனிக்கிறது. பெரிய அதிர்வுக்கு அவை போதும். சின்ன அதிர்வு எந்த ஆழத்தில், எந்தப் பிளவில் பிறந்தது என்று பார்க்க, பக்கத்திலேயே பல காதுகள் வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணித் தூரம் சொல்வோமே, அதே கணக்குதான். வேகமான முதல் அலைக்கும் மெதுவான இரண்டாவது அலைக்கும் இடையிலுள்ள விநாடிகளை எட்டால் பெருக்கினால் ஏறக்குறைய கிலோமீட்டர் கிடைக்கும். மூன்று இடங்களிலிருந்து அப்படி வட்டம் போட்டால், வெட்டும் இடம்தான் மையம். மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் 2018 நவம்பரிலிருந்து சிறு அதிர்வுகள் அடுக்கடுக்காக வந்தபோது, ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிலையத்தினர் கிராமங்களில் கருவிகளைக் கொண்டுபோய் வைத்தது இதற்காகத்தான். அவை பள்ளிக்கூடத்திலோ யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையிலோதான் இருக்க முடியும். இடம் கொடுத்தவர் கருவியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் என் கதை வருகிறது. தோழி கிளம்பும்போது “ஐந்து வாரம் கழித்து வருகிறேன், எதையும் தொட வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மூலையில் கைப்பேசி அலை சரியாக எட்டாது. எல்லாமே உள்ளிருக்கும் நினைவட்டையில்தான் சேரும். ஆகஸ்ட் 18, திங்கள். கேமரன் மலையில் அடைமழை என்று கேள்விப்பட்டு நான் மாமாவுக்குப் போன் போட்டேன். “மாமா, அந்தப் பெட்டி நனையாம பார்த்துக்குங்க.” சொன்னது அவ்வளவுதான். மாமா சொல் தட்டாதவர். பெட்டி, கம்பம், சூரியத் தகடு எல்லாவற்றையும் சேர்த்து நீலக் கன்வாஸால் போர்த்தி, காற்றில் பறக்காதபடி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு, காலை 6.13. ஜொகூர், சிகாமட்டில் 4.1 ரிக்டர் அளவில் நிலம் ஆடியது. ஜொகூரில் மட்டுமல்ல, நெகிரி செம்பிலான், மலாக்கா, பகாங்கின் தெற்குப் பகுதி வரை மக்கள் உணர்ந்தார்கள். அடுத்த நாட்களில் சின்ன அதிர்வுகளும் தொடர்ந்தன. எங்கள் வானொலி நிலையத்துக்கு அழைப்புகள் ஓயவில்லை. “கட்டில் ஆடிச்சுங்க,” “பேய்னு நெனச்சேன்,” “சுவர்ல வெடிப்பு வந்துருச்சு.” எனக்கோ உள்ளுக்குள் குதூகலம். கியா பார்மில் நம் கருவி இருக்கிறதே! ஞாயிறு விடிகாலை, சந்தை வண்டிகள் வருவதற்கு முந்தைய நேரம். வாரத்தின் மிக அமைதியான மணி.

30-ம் தேதி தோழியோடு போனேன். கன்வாஸைப் பார்த்ததும் அவள் நடை நின்றுவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்து, பேட்டரியில் மீட்டரை வைத்தாள். செத்துப் போயிருந்தது. வெயில் படாமல் நான்கு நாள் இழுத்துப் பிடித்திருக்கிறது. கடைசிப் பதிவு 22-ம் தேதி இரவு. நிலநடுக்கத்துக்கு ஒன்றரை நாள் முன்பு.

நினைவட்டையில் இருந்ததைப் பார்த்தபோதுதான் வயிறு இன்னும் எரிந்தது. ஜூலை 30 காலை ரஷ்யாவின் கம்சாட்காவில் 8.8 அளவில் பெரும் நிலநடுக்கம் வந்ததே, அது இருந்தது. சுமார் 7,500 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பூமியின் வயிற்றுக்குள் புகுந்து, பதினோரு நிமிடத்தில் என் மாமாவின் பழைய கோழிக்கூண்டு மூலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நள்ளிரவில் காய்கறி லோரிகள் இறங்குவதும், சனி ஞாயிறு நெரிசலும், அத்தை விடிகாலையில் தண்ணீர் பிடிக்க நடப்பதும்கூட இருந்தன. 250 கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் நம் சிகாமட் மட்டும் இல்லை. இருந்திருந்தால் இரண்டு அலைகளுக்கும் இடையே முப்பது விநாடிக்கு மேல் இடைவெளி தெரிந்திருக்கும் என்று தோழி கணக்குப் போட்டுக் காட்டினாள். “பிடிச்சிருக்குமா?” என்று கேட்டேன். “பிடிச்சிருக்கலாம்,” என்றாள். அந்தக் ‘கலாம்’ இன்னும் என் காதில் இருக்கிறது.

மாமா கூனிக்குறுகி நின்றார். நான் உண்மையைச் சொன்னேன். தோழி சிரித்துவிட்டாள். ஈரம் பெட்டிக்குள் போகாமல் இருக்கத்தானே அத்தனை பாடுபட்டோம், அதை உங்களுக்கு விளக்காமல் போனது என் தவறு என்றாள். களத்தில் இதெல்லாம் சகஜமாம். மாடு கம்பத்தில் உரசும், எறும்பு பெட்டிக்குள் கூடு கட்டும், தகடு திருட்டுப் போகும்.

அப்போதுதான் அத்தை, ஐந்து வாரமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். “ஏம்மா, பின்னால இருக்கற மண்ணு சரிஞ்சா இது முன்கூட்டியே சொல்லுமா?”

தோழி பொய் சொல்லவில்லை. “இல்ல ஆண்ட்டி. நிலநடுக்கத்தையும் இது முன்னாடி சொல்லாது. வந்ததைத்தான் சொல்லும்.”

ஆனால் அதோடு விடவும் இல்லை. கேரளத்தின் மூணாறு தேயிலைத் தோட்டங்களைப் பற்றிச் சொன்னாள். அங்கே ஆன்டனியார் காலனியில் 2005-ல் மண் சரிந்து உயிர்கள் போயின. பிறகு அமிர்தா பல்கலைக்கழகத்தினர் அந்தச் சரிவில் ஆழமாகத் துளையிட்டு, இதே அதிர்வுக் காதுகளோடு மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்கும் கருவி, சாய்வு அளக்கும் கருவி, மழைமானி எல்லாவற்றையும் கோத்தார்கள். 2009 மழைக்காலத்தில் நீரழுத்தம் ஏறுவதைப் பார்த்து எச்சரிக்கையும் கொடுத்தார்கள். மண் நகர ஆரம்பித்தால் அதிர்வுமானி சொல்லும். அதற்குள் ஓட நேரம் இருக்காது. நாள் கணக்கில் முன்னால் சொல்வது மழையும் மண்ணுக்குள் ஏறும் தண்ணீரும்தான். இதில் ஒரு கொடுமை, சூரியத் தகடு தூங்கிப்போவதும் அதே மழை நாட்களில்தான். மாமாவின் கன்வாஸ் இல்லாமலே மேகம் அந்த வேலையைச் செய்துவிடும்.

எனக்குப் பெட்டிமுடி நினைவுக்கு வந்தது. அதே மூணாறு மலை, 2020 ஆகஸ்ட் 6 இரவு. நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் சேதி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. அதை நான் வானொலியில் வாசித்தபோது, லயம் என்ற சொல் வந்த இடத்தில் குரல் தடுக்கியது. நம் பத்தாங்காலியில் 2022 டிசம்பர் 16 விடியுமுன் முகாமின் மேல் மண் இறங்கி 31 பேர் போன செய்தியையும் வாசித்திருக்கிறேன். இரண்டு முறையும் வாசித்து முடித்ததும் நான் முதலில் போன் போட்டது கியா பார்முக்குத்தான்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ மழையை அளக்கறது நாமளே செய்யலாமே,” என்றார்.

அன்றே செய்தோம். நேர்ச்சுவருள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒட்டிய அளவுகோல், திறந்த வெளியில் ஒரு கம்பம். அதோடு புது பேட்டரி. தோழி இந்த முறை எல்லாவற்றையும் எழுதி, படம் வரைந்து, கதவில் ஒட்டினாள்: பச்சை விளக்கு எரிந்தால் சரி, சிவப்பு என்றால் போன் செய்யவும், தகட்டின் மேல் இலை விழுந்தால் துடைக்கவும், எதையும் போர்த்த வேண்டாம். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

போன மாதம் போயிருந்தேன். அடுப்படியில், கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தை அத்தை எடுத்துக் காட்டினார். தேதி, மழை எத்தனை மில்லிமீட்டர், விளக்கின் நிறம். நடுநடுவே அவராகவே சேர்த்த குறிப்புகள்: ‘பக்கத்துத் தோட்டத்தில் மண் தள்ளும் இயந்திரம், காலை முழுக்க.’ ‘திருவிழா மேளம்.’ ஒரு நாள் மழை 74 என்று எழுதியிருந்தது. அதற்கு நேரே, ‘இரவு தங்கச்சி வீட்டில் படுத்தோம்.’