கையில் ஃபைல், நைட் பஸ், நாளைக்கு இன்டர்வியூ... வேலை தேடும் பயணத்தில் நம்பிக்கையைத் தக்கவைப்பது எப்படி?

'ரோடு ட்ரிப்' என்று இன்ஸ்டாவில் தேடினால் கொல்லிமலை வளைவுகளும் மழையில் நனைந்த புல்லட்டும்தான் வரும். நம் ஊர்ப் பிள்ளைகளில் நிறைய பேர் போகிற ரோடு ட்ரிப் வேறு. இரவு பத்து மணி பஸ், மடியில் சர்டிஃபிகேட் ஃபைல், பேக்கில் கசங்காமல் மடித்து வைத்த ஒரே ஒரு நல்ல சட்டை. விடியற்காலையில் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் கட்டணக் குளியலறையில் குளித்து, ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு கம்பெனியின் செக்யூரிட்டி கேட் முன்னால் போய் நிற்க வேண்டும்.

இதில் கஷ்டமான நேரம் இன்டர்வியூ இல்லை. அது முடிந்து, 'சொல்லி அனுப்புறோம்' என்ற பதிலோடு வெளியே வந்து ரோட்டில் நிற்கிற அந்தப் பத்து நிமிடம்தான். மணி பதினொன்றுதான் ஆகியிருக்கும். ஊருக்கு பஸ் ராத்திரிதான். 'பாசிட்டிவா இரு மச்சி' என்று நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அப்போது எரிச்சல்தான் வரும்.

அந்த எரிச்சல் நியாயமானதும்கூட. 'எல்லாம் நல்லதாவே நடக்கும்' என்று நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, நம்பிக்கை வேறு. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் சி.ஆர்.ஸ்னைடர் இதைப் பற்றி 1990-களில் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதைச் சுருக்கினால், நம்பிக்கைக்கு ஓர் இலக்கு வேண்டும், அதற்குப் போகிற வழிகள் தெரிந்திருக்க வேண்டும், அந்த வழியில் நம்மால் நடக்க முடியும் என்ற தெம்பு வேண்டும். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி கண்ணுக்குத் தெரிகிறவர்தான் அவர் கணக்கில் நம்பிக்கையானவர்.

இப்போது அந்தப் பதினொரு மணிக்குத் திரும்பி வாருங்கள். மனசு உடைவதற்குக் காரணம் 'நோ' சொன்னது மட்டும் இல்லை. எட்டு மணி நேரப் பயணத்தையும், கடன் வாங்கிய காசையும் ஒரே ஒரு கதவின் மேல் வைத்திருந்தோம். அது மூடியதும் இரண்டாவது வழி என்று எதுவும் கையில் இல்லை. அந்த நேரத்தில் ரோட்டில் நின்று யோசித்தால் வழி தோன்றாது. அதை ஊரிலேயே, பஸ் ஏறும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 350 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் காரும் எலெக்ட்ரானிக்ஸும். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகள். ஓசூரில் டைட்டன், டி.வி.எஸ், அசோக் லேலண்ட், அவற்றைச் சுற்றி உதிரி பாகம் செய்கிற எத்தனையோ சின்ன கம்பெனிகள். அதைத் தாண்டினால் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி. மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்த ஒருவர் ஓசூரில் ஒரே ஒரு இன்டர்வியூவுக்காக வந்துவிட்டு அப்படியே திரும்புவது, சந்தைக்கு வந்து ஒரே கடையில் விலை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி.

அதற்காகக் கண்ணில் பட்ட கேட்டில் எல்லாம் ஏறி இறங்கச் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகளில் அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் போனால் பெரும்பாலும் செக்யூரிட்டியைத் தாண்ட முடியாது. சிப்காட், சிட்கோ எஸ்டேட்டுகளில் இருக்கிற சின்ன யூனிட்டுகளில் நேரில் போய் ரெஸ்யூமே கொடுக்க வாய்ப்பு அதிகம். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே அந்த ஏரியாவில் நான்கைந்து இடங்களுக்கு போன் பண்ணி, 'வியாழக்கிழமை ஓசூர்ல இருப்பேன் சார், வந்து பார்க்கலாமா?' என்று கேட்டுவிடுங்கள். இரண்டு பேர் 'வாங்க' என்றால்கூடப் போதும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகின்றன. பல கம்பெனிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. முகாம் தேதியை வைத்துப் பயணத்தைத் திட்டமிட்டால் பஸ் காசு மிச்சம்.

காசு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். திரும்பி வருகிற பஸ் கட்டணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும், அதைத் தொடவே கூடாது. 'ஊருக்குப் போகக்கூட காசில்லையே' என்ற பயம் வந்துவிட்டால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டத் தோன்றும். 'வேலை கன்ஃபார்ம், டெபாசிட் மட்டும் கட்டுங்க' என்கிற ஆள் அந்த மாதிரி முகங்களைத்தான் தேடிக்கொண்டிருப்பார். யூனிஃபார்முக்கு, ட்ரெய்னிங்குக்கு, ஐ.டி கார்டுக்கு என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆன்லைனில் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் பண்ணுங்கள். பெண்கள் தனியாகப் போவதாக இருந்தால் தங்கும் இடம் உறுதியான பிறகுதான் டிக்கெட் போட வேண்டும்.

பயணத்துக்கு ஒரு லாபமும் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், 'அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?' என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 17 சதவிகிதத்துக்கும் குறைவு. மற்றவர்கள் எல்லாம் எப்போதாவது, அபூர்வமாகப் பார்க்கிற யாரோ ஒருவர் மூலம் வேலை பெற்றவர்கள். யோசித்தால் புரியும். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த வேலை எல்லாம் நமக்கும் தெரியும். அவனும் நம் கூடத்தானே வேலை தேடிக்கொண்டிருக்கிறான்!

அதனால் ஓசூரில் இருக்கிற காலேஜ் சீனியரின் ரூம்மேட், வெயிட்டிங் ஹாலில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த ஆள், இவர்கள் எல்லாம் முக்கியமானவர்கள். அந்த ஆளைப் போட்டியாளராகப் பார்த்து போனுக்குள் தலையை விட்டுக்கொள்ளாமல், 'இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் போனீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேள்விப்படாத இரண்டு கம்பெனி பெயராவது கிடைக்கும். நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூ முடிந்ததும் முதலில் ஒரு டீ. டீ ஆறுவதற்குள், திணறவைத்த கேள்விகளை போனில் குறித்துவிடுங்கள். சாயங்காலம் ஆகிவிட்டால் மறந்துவிடும், 'சொதப்பிட்டேன்' என்ற நினைப்பு மட்டும் நிற்கும்.

அப்புறம், வீட்டிலிருந்து வருகிற அந்த போன். பலருக்கு ஹெச்.ஆரைவிட அதுதான் பயம். மத்தியானத்திலிருந்து ஐந்து மிஸ்டு கால் பார்த்தால் யாருக்கும் கைகால் ஓடாது. 'ராத்திரி எட்டு மணிக்கு நானே கூப்பிடுறேம்மா' என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். எட்டு மணிக்கு, நடந்ததையும் அடுத்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்: 'இது ஆகலைம்மா. நாளைக்குக் காலைல ஸ்ரீபெரும்புதூர்ல ஒண்ணு இருக்கு.' அடுத்து அம்மா கேட்கப்போவது, 'சாப்பிட்டியா?' என்பதுதான். அதற்குப் பொய் சொல்ல வேண்டியிராதபடி ஏழரைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.