தொலைவில் கேட்கும் பாடம் நிறைவு தருவது எதனால்?

ஆசிரியர் ஓரிடத்தும் மாணவர் வேறோரிடத்தும் இருந்து நிகழ்த்தும் கல்வியைத் தொலைநிலைக் கல்வி என்கிறோம். அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, இணையம் என அதன் கருவிகள் மாறி வந்துள்ளன. ஆயின், மாணவர்க்கு மனநிறைவு தருவது கருவியா, வேறொன்றா?

இவ்வினாவிற்குப் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தக்க சான்றாகும். 1963 இல் ஹெரால்டு வில்சன் முன்மொழிந்து, ஜென்னி லீ அம்மையாரின் விடாமுயற்சியால் 1969 இல் அரசப் பட்டயம் பெற்ற அது, 1971 இல் பாடங்களைத் தொடங்கியது. பி.பி.சி. தொலைக்காட்சியின் விரிவுரைகளே அதன் புகழுக்குக் காரணம் எனப் பலர் கருதினர். உண்மையில் மாணவரைத் தாங்கி நின்றவை வேறு. ஒவ்வொரு மாணவர்க்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருந்தார். அஞ்சலில் அனுப்பிய கட்டுரை, மதிப்பெண்ணோடு விரிவான குறிப்புரையும் தாங்கித் திரும்பியது. வட்டாரக் கற்றல் மையங்களும் கோடைப் பள்ளிகளும் உடன்பயில்வோரைச் சந்திக்க வைத்தன. 2005 இல் இங்கிலாந்தில் முதன்முறையாக நிகழ்ந்த தேசிய மாணவர் கருத்தாய்வில் இப்பல்கலைக்கழகம் முன்னணியில் நின்றது. பின்னிரவுப் பாட ஒளிபரப்பு 2006 இல் முடிவுற்றது. வழிகாட்டி ஆசிரியர் முறையோ தொடர்கிறது.

மைக்கேல் மூர் என்னும் கல்வியறிஞர் 1989 இல், மாணவர்க்குப் பாடத்தோடும் ஆசிரியரோடும் உடன்பயில்வோரோடும் அமையும் மூவகை உறவுகளை வகுத்துரைத்தார். நம் நன்னூலாரோ, ஆசான் உரைப்பதைக் கேட்டுக் கொள்வதால் காற்பங்கும், உடன்பயில்வோரோடு பழகுவதால் காற்பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என முன்னரே கணக்கிட்டார். விரிவுரையை மட்டும் அனுப்பிவிட்டு அமைவோர் காற்பங்கே அளித்தவராவர்.

2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் நம் நாட்டு வகுப்புகளும் கைப்பேசித் திரைக்கு மாறின. ஒலி அறுபட்டது ஒரு குறையே. கேட்ட ஐயத்திற்கு விடை வாராமை அதனினும் பெருங்குறை. தெளிவான ஒலி, மீண்டும் கேட்கும் வசதி, சிறு பகுதிகளாகப் பகுத்த பாடம் ஆகியன இன்றியமையாதவை. எனினும் அவை வாயில் மட்டுமே. உள்ளிருந்து வரவேற்கும் குரல் ஆசிரியருடையது.

தொலைவிலிருந்து கற்போருள் பலர் வறுமையாலோ பணியாலோ இல்லப் பொறுப்பாலோ கல்லூரி வாயிலை எட்ட இயலாதவர். வகுப்பறையில் ஓர் இருக்கை வெறுமையானால் ஆசிரியர் கண்ணில் படும். தொலைவில் ஒருவர் மனம் சோர்ந்து விலகினால் அதை யார் காண்பார்? ஆதலின், எழுதியனுப்பிய ஒவ்வொரு விடைத்தாளுக்கும் காலத்தே மறுமொழி தருதல் ஆசிரியரின் தலையாய கடன். தம்மை ஒருவர் அறிந்திருக்கிறார் என்னும் உணர்வே மாணவர் பெறும் நிறைவின் வித்து.