வீட்டை விற்கும் முன் பரணைப் பாருங்கள்

‘மாமனார் கட்டிய ஓட்டு வீட்டை விற்கப்போகிறோம். வீடு முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான்கள். எதிலிருந்து தொடங்குவது?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். வேளாண்மை அலுவலரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. ஆனால், விவசாயி வீட்டில் சேர்ந்து கிடப்பதில் பாதி எங்கள் துறை சம்பந்தப்பட்டதுதான். தவிர, மூன்று வருடங்களுக்கு முன் நானும் அப்பாவின் வீட்டை ஒழித்துக் கொடுத்தவன்.

அன்று பரணிலிருந்து இறக்கிய சாமான்களுக்கு நடுவே என் தங்கை மகன் ஒரு கலர் பாட்டிலைக் கண்டெடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏழு வயது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். உள்ளே இருந்தது பூச்சிமருந்து. மிஞ்சியதை அப்பா எப்போதோ ஊற்றி வைத்திருக்கிறார். ‘மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றாதீர்கள்’ என்று இருபத்தைந்து வருடமாக ஊர் ஊராகச் சொன்னவன் வீட்டுப் பரண் அது.

அதனால் முதல் நாள் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மருந்துகளை மட்டும் தேடுங்கள். பரண், மாட்டுக்கொட்டகை, மோட்டார் ரூம் எதையும் விடாதீர்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்த எண்டோசல்பானும், 2020 இறுதியோடு நிறுத்தப்பட்ட போரேட் குருணையும் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. வாய்க்காலிலோ கிணற்றிலோ கொட்டாதீர்கள், கொளுத்தாதீர்கள், டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். கையுறை போட்டு, மூடியோடு நிமிர்த்தி, காய்ந்த மணல் போட்ட வாளியில் வைத்துப் பூட்டுங்கள். பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டுபோய் வேளாண்மை விரிவாக்க மையத்தில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். நெல் மூட்டைக்கு வைக்கிற மாத்திரைக் குழாய் கிடைத்தால் திறக்கவே வேண்டாம். ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். மூடிய அறையில் அது ஆளையே கொன்றுவிடும்.

அடுத்தது காகிதம். பழைய பேப்பர் கடைக்கு என் மனைவி கட்டி வைத்த பஞ்சாங்கக் கட்டுக்குள்தான் எங்கள் வீட்டு மூலப்பத்திரம் இருந்தது. அது தொலைந்திருந்தால் போலீசில் புகார், பேப்பரில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று மாதக்கணக்கில் அலைந்திருப்போம். ஆகவே ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பாருங்கள். வீட்டு வரி ரசீது, பட்டா நகல், கடன் தீர்ந்த ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். கடன் அடைத்தும் அடமானத்தை ரத்து செய்து பதியாமல் விட்டிருந்தால் வில்லங்கச் சான்றில் அது நிற்கும். வாங்குகிறவர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்.

குதிரிலும் பானையிலும் விதை இருந்தால் உடனே கோழிக்குப் போட்டுவிடாதீர்கள். இருபது விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். அம்மா சாம்பலில் போட்டு வைத்த சுரை விதையில் மூன்றுதான் முளைத்தது. அந்த மூன்றும் இப்போது என் வீட்டு வேலியில் காய்க்கின்றன. அதே நாள் அவசரத்தில் நான் குப்பையில் கொட்டிய கத்திரி விதையை அப்புறம் எங்கும் பார்க்கவில்லை.

விறகு, தென்னமட்டை, பழைய சாக்கு ஆகியவற்றைப் பகலில், செருப்பு போட்டு, கம்பால் புரட்டிவிட்டு எடுங்கள். பாம்பு இருக்கலாம். மரக்கால், படி, நுகத்தடி, சால் ஆகியவற்றை இரும்பு விலைக்கும் விறகு விலைக்கும் தள்ளாதீர்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளே இருக்கின்றன. ஒரு படம் எடுத்து அனுப்பி விலை கேட்கலாம். மோட்டார், தேக்குக் கதவு போன்றவை வீட்டோடு சேர்த்தியா இல்லையா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பத்திரப்பதிவு அன்று சண்டை வரும்.

கடைசியாக உர மூட்டை. யூரியாவும் பொட்டாஷும் வருடக்கணக்கில் சாய்ந்திருந்த சுவரில் உப்பு ஏறி, பூச்சு பொரிந்திருக்கும். மூட்டைகளைச் சில வாரங்கள் முன்பே அப்புறப்படுத்தி, சுவரைக் காயவிட்டு, பொரிந்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசுங்கள். மேலே சுண்ணாம்பு மட்டும் அடித்து மறைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. எங்கள் வீட்டில் பூசுவதற்கு நேரமில்லை. வாங்க வந்தவரிடம் ‘இங்கே உரம் அடுக்கியிருந்தோம்’ என்று சொல்லிவிட்டோம். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம்.